சிக்னலில் சைக்கிளோடு சாய்கிறீர்களா? கிளிப்லெஸ் பெடல் எப்படிப் பூட்டுகிறது, எப்படித் திறக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. கொண்டாபூரில் இருந்து கிளம்பி நானக்ராம்கூடா பக்கம் மிதித்துக்கொண்டு போகிறீர்கள். புது ஷூ, புது பெடல். நேற்று இரவு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை மாட்டி, கழட்டிப் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. முன்னால் சிக்னல் சிவப்பு. பிரேக் பிடிக்கிறீர்கள். சைக்கிள் நிற்கிறது. வழக்கம்போல காலை மேலே தூக்கி, கீழே ஊன்றப் பார்க்கிறீர்கள்.

கால் வரவில்லை.

அடுத்த இரண்டு நொடியில் நீங்கள் சைக்கிளோடு சேர்ந்து, மரம் சாய்வது மாதிரி மெதுவாகப் பக்கவாட்டில் சாய்கிறீர்கள். பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து "க்யா ஹுவா பாய்?" என்கிறார். அடியைவிட அவமானம்தான் அதிகம்.

கிளிப்லெஸ் பெடலுக்கு மாறிய ஏறக்குறைய எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். கவனித்துப் பாருங்கள், வேகமாகப் போகும்போது யாரும் இப்படி விழுவதில்லை. நிற்கும்போதுதான் விழுகிறார்கள். அதனால் இந்தப் பெடலை வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது எப்படிப் பூட்டுகிறது என்பதை அல்ல, எப்படித் திறக்கிறது என்பதை. திறக்கும் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூவும் உண்டு. பலர் அதைத் தொடுவதே இல்லை.

கிளிப்பே இருக்கு, அப்புறம் என்ன 'கிளிப்லெஸ்'?

நியாயமான கேள்வி. ஷூவை 'டக்'கென்று பெடலில் மாட்டுகிறோம், அதற்குப் பெயர் கிளிப் இல்லாத பெடலா?

இங்கே 'கிளிப்' என்பது பழைய டோ கிளிப்பைக் குறிக்கும். பெடலின் முன்பக்கம் கால்விரல்களை மூடுவதுபோல ஒரு கம்பிக்கூண்டு, அதைச் சுற்றி ஒரு தோல் வார். பந்தய வீரர்கள் பல பத்தாண்டுகள் அதில்தான் காலைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள். நிற்பதற்கு முன் கையைக் கீழே கொண்டுபோய் வாரைத் தளர்த்த வேண்டும். அந்தக் கூண்டும் வாரும் இல்லாமலே காலைப் பிடித்துக்கொள்ளும் பெடல் வந்தபோது, 'கிளிப் இல்லாதது' என்று பெயர் வைத்தார்கள். கூண்டு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

யோசனை ரொம்பப் பழசு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த சார்லஸ் ஹான்சன் 1895-லேயே இப்படி ஒரு பெடலுக்குக் காப்புரிமை வாங்கினார். 1971-ல் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்71 என்ற பெடலைக் கொண்டுவந்தது. கால் உள்ளே போய்விட்டால், குனிந்து கையால் ஒரு லீவரைத் தள்ளினால்தான் வெளியே வரும். சைக்கிள்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மரண கிளீட்'. 1984-ல் பிரான்ஸின் லுக் நிறுவனம் வந்தது. பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் கருவி செய்துவந்தவர்கள் அவர்கள். கால் முறுக்கினால் பூட்ஸ் தானாக விடுபட வேண்டும், இல்லையென்றால் விழும்போது எலும்பு முறியும். அதே தத்துவத்தைப் பெடலுக்குக் கொண்டுவந்தார்கள். 1985-ல் பெர்னார் இனோ அந்தப் பெடலோடு தன் ஐந்தாவது டூர் டி பிரான்ஸ் பட்டத்தை வென்றார். அதற்குப் பிறகு தோல் வார் பந்தயச் சாலைகளில் இருந்து மெல்ல மறைந்துபோனது.

1990-ல் ஜப்பானின் ஷிமானோ எஸ்பிடி என்ற வகையைக் கொண்டுவந்தது. இதில் ஷூவின் அடியில் இருக்கும் உலோகத் துண்டு, அடிப்பாகத்தின் குழிக்குள் மறைந்திருக்கும். அதனால் சைக்கிளை விட்டு இறங்கி, சாதாரணமாக நடக்கவும் முடிந்தது.

உள்ளே என்ன நடக்குது?

உங்கள் வீட்டு வாசற்கதவை நினைத்துக்கொள்ளுங்கள். குமிழ்ப் பூட்டு போட்ட கதவு. சாத்தும்போது சும்மா தள்ளினால் போதும், 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். திறக்கும்போது எவ்வளவு இழுத்தாலும் வராது. குமிழைத் திருப்ப வேண்டும். கிளிப்லெஸ் பெடலும் அதேதான். அழுத்தினால் பூட்டும், திருப்பினால் திறக்கும்.

ஷூவின் அடியில் திருகப்பட்டிருக்கும் துண்டுக்குப் பெயர் கிளீட். பெடலில் இரண்டு கவ்விகள் இருக்கின்றன. முன்னால் இருப்பது அசையாது. பின்னால் இருப்பது ஒரு ஸ்பிரிங்கின் இறுக்கத்தில் நிற்கும், பின்னோக்கி நகரக்கூடியது. முதலில் கிளீட்டின் முன்மூக்கை முன்கவ்விக்குள் நுழைக்கிறீர்கள். பிறகு பாதத்தால் கீழே அழுத்துகிறீர்கள். கிளீட்டின் பின்விளிம்பு பின்கவ்வியைத் தள்ளிக்கொண்டு இறங்குகிறது, ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளுகிறது. டக்.

இப்போது காலை நேராக மேலே இழுத்தால் பின்கவ்வியின் உதடு கிளீட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பதால் நகராது. ஆனால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால், கிளீட் ஆப்பு மாதிரி வேலை செய்து பின்கவ்வியைப் பின்னால் தள்ளுகிறது. ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டியதும் கவ்வி விட்டுவிடுகிறது.

ஏன் குதிகால்? கிளீட் இருப்பது முன்பாதத்தில். குதிகால் அங்கிருந்து தள்ளி இருப்பதால் நல்ல நெம்புகோல் ஆகிறது. சின்ன விசையிலேயே ஸ்பிரிங் திறந்துவிடும். கணுக்காலை மட்டும் முறுக்கிக் கஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை, குதிகாலால் பக்கத்தில் இருப்பவரைத் தள்ளுவதுபோல நினையுங்கள். உடனே வரும்.

கவ்வி விடுபடும் கோணத்துக்கு முன்னால், கால் சும்மா அசைய ஒரு இடைவெளி இருக்கும். அதற்கு ஃப்ளோட் என்று பெயர். எஸ்பிடியில் இது சுமார் 4 டிகிரி. நம் முழங்கால் மிதிக்கும்போது முழுக்க நேர்கோட்டில் ஏறி இறங்குவதில்லை, கொஞ்சம் உள்ளே வெளியே போகும். ஃப்ளோட் இல்லாவிட்டால் அந்த அசைவை முழங்கால் மூட்டுதான் தாங்க வேண்டும்.

ரெண்டு போல்ட்டா, மூணு போல்ட்டா?

கடைக்குப் போனால் முதல் கேள்வி இதுதான். இரண்டு போல்ட் கிளீட் எஸ்பிடி வகை. சின்ன உலோகம், ஷூவுக்குள் மறைந்திருக்கும், பெரும்பாலும் பெடலின் இரு பக்கமும் மாட்டலாம். மூன்று போல்ட் கிளீட் ரோடு சைக்கிளுக்கான லுக், எஸ்பிடி-எஸ்எல் வகைகள். பெரிய பிளாஸ்டிக் துண்டு, ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பெடலின் ஒரு பக்கம் மட்டும் மாட்டும். பாதத்துக்குப் பரந்த பிடிமானம் கிடைக்கும். நடப்பது வாத்து நடை. பளபளப்பான கிரானைட் தரை போட்ட ஆபீஸ் லாபியில் அதோடு நடந்து பாருங்கள், தெரியும்.

ஹைதராபாத்தில் ஓட்டும் ஒருவர் முதல் தடவை வாங்குகிறார் என்றால் என் ஓட்டு இரண்டு போல்ட்டுக்குத்தான். சிக்னலில் இருந்து கிளம்பும்போது பெடலின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியதில்லை. கண்டிப்பேட் ஏரிப் பக்கம் நிறுத்தி இட்லி சாப்பிடப் போகலாம். நாளைக்கு ஹைதராபாத் ரேண்டனர்ஸ் நடத்தும் 200 கிலோமீட்டர் பிரெவே ஓட்ட ஆசை வந்தாலும் இதுவே வசதி. அதற்கு 13 மணி 30 நிமிடம் கெடு. வழியில் கன்ட்ரோல் பாயின்ட்களில் இறங்கி, நடந்து, மீண்டும் ஏற வேண்டியிருக்கும்.

எஸ்பிடியிலேயே இரண்டு கிளீட் உண்டு. கறுப்பாக வரும் எஸ்எச்51 பக்கவாட்டுத் திருப்பலுக்கு மட்டும் திறக்கும். எஸ்எச்56, சாய்வாக மேலே இழுத்தாலும் திறந்துவிடும். பதற்றத்தில் காலை உருவும் ஆரம்பக்காரருக்கு 56 தைரியம் தரும். எழுந்து நின்று ஜூப்ளி ஹில்ஸ் ஏற்றத்தில் மிதிக்கும்போது அது தானாகக் கழன்றுவிடவும் வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் பெடலோடு பெட்டியில் வருவது 51-தான். 56-ஐத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று போல்ட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு நிறப் பொறி. ஷிமானோவில் மஞ்சள் கிளீட் 6 டிகிரி ஃப்ளோட், நீலம் 2, சிவப்பு பூஜ்யம். லுக் கியோவில் சிவப்புதான் அதிகம், 9 டிகிரி. சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். நண்பர் "சிவப்பு வாங்குடா, ஈஸியா இருக்கும்" என்று சொன்னால், எந்தக் கம்பெனி சிவப்பு என்று திருப்பிக் கேளுங்கள். மேலும், ஒரு கம்பெனி கிளீட் இன்னொரு கம்பெனி பெடலில் சரியாக உட்காராது.

இதனால வேகம் கூடுமா?

விற்பவர்கள் சொல்வது: "மேல இழுக்கும்போதும் பவர் கிடைக்கும், சார்." சாதாரண வேகத்தில் இது பெரும்பாலும் கட்டுக்கதை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண ஓட்ட ஷூவோடு தட்டைப் பெடலில் மிதித்தாலும், சைக்கிள் ஷூவோடு கிளிப்லெஸ் பெடலில் மிதித்தாலும், நிதானமான வேகத்தில் உடல் செலவழிக்கும் சக்தியில் வித்தியாசம் தெரியவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் இருந்து பிறகு வந்த இன்னொரு ஆய்வு ஏற்றத்தில் முழுப்பலத்தோடு ஸ்பிரின்ட் அடிப்பதைச் சோதித்தது. அங்கே கிளிப்லெஸ் தெளிவாக முன்னால் இருந்தது.

ஆக, கிடைப்பது வேறு. மேடுபள்ளத்தில் கால் பெடலை விட்டு எகிறாது. வேகமாகச் சுழற்றும்போது நழுவாது. ஒவ்வொரு முறையும் பாதம் அதே இடத்தில் உட்காரும். நீண்ட தூரத்துக்கு இது பெரிய விஷயம். மாதாப்பூரில் வீடு, கச்சிபௌலியில் ஆபீஸ், நடுவில் சிக்னலுக்குச் சிக்னல் நிறுத்தம் என்றால், நல்ல தட்டைப் பெடலே போதும். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது

பெடலைக் கிராங்கில் மாட்டும்போதே ஒரு தவறு நடக்கும். இடது பெடலின் மரை தலைகீழ். சாதாரண போல்ட் மாதிரி வலப்பக்கம் சுற்றினால் இறுகாது, விடாப்பிடியாகச் சுற்றினால் கிராங்கின் மரை போய்விடும். பெடலின் அச்சில் எல், ஆர் என்று எழுத்து இருக்கும், பாருங்கள். நினைவில் வைக்க எளிய வழி: எந்தப் பக்கமானாலும், மேலிருக்கும் ஸ்பேனர் பிடியை முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும், பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். 15 மி.மீ. ஸ்பேனர் அல்லது 6, 8 மி.மீ. ஆலன் கீ தேவைப்படும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

அடுத்தது கிளீட்டின் இடம். ஷூவைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரலுக்குக் கீழே முன்பாதத்தில் துருத்தி நிற்கும் எலும்பைத் தொட்டுக் கண்டுபிடியுங்கள். ஷூவின் பக்கவாட்டில் அந்த இடத்துக்கு நேராக ஒரு டேப் ஒட்டுங்கள். கிளீட்டின் நடு, பெடல் அச்சு வரும் இடம், அந்த டேப்புக்கு நேராகவோ சில மில்லிமீட்டர் பின்னாலோ இருக்கட்டும். ரொம்ப முன்னால் போனால் கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பிறகு கோணம். உயரமான மேஜை விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிடுங்கள். பாதங்கள் இயல்பாக எந்தப் பக்கம் பார்க்கின்றன? பலருக்குக் கொஞ்சம் வெளிப்பக்கமாக இருக்கும், சிலருக்கு ஒரு கால் மட்டும் அப்படி. அந்த இயல்பான நிலையில் ஃப்ளோட்டின் நடுவில் கால் நிற்கும்படி கிளீட்டைத் திருப்ப வேண்டும். இரண்டு காலும் ஒரே மாதிரி இருக்கணும் என்று அளவுகோல் வைத்து நேராக்காதீர்கள்.

முழங்காலின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இந்தக் கோணம். முன்பக்க வலி என்றால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் என்றால் உயரமாக இருக்கலாம். பெடலும் ஷூவும் மாறினால் பாதத்துக்கும் பெடல் அச்சுக்கும் உள்ள தூரம் மாறும், எனவே சீட் உயரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாற்றி, சில நாள் ஓட்டிப் பாருங்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கிளீட் போல்ட்களை 4 மி.மீ. ஆலன் கீயால் நன்றாக இறுக்குங்கள். எஸ்பிடிக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இது சும்மா சொல்வதில்லை. ஒரு போல்ட் விழுந்து, இன்னொன்று தளர்ந்துவிட்டால் என்ன ஆகும்? குதிகாலைத் திருப்புவீர்கள், ஷூ திரும்பும், கிளீட் பெடலிலேயே அசையாமல் நிற்கும். கவ்வி திறக்கவே திறக்காது. அப்படி மாட்டிக்கொண்டால் பதறி இழுக்காதீர்கள். இன்னொரு காலைக் கழட்டி ஊன்றி நின்று, ஷூவின் வாரைத் திறந்து, பாதத்தை மட்டும் உருவுங்கள். ஷூ பெடலில் தொங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாரும் தொடாத அந்த ஸ்க்ரூ

பெடலைத் திருப்பிப் பாருங்கள். பின்கவ்வியின் பக்கத்தில் ஒரு சின்ன ஆலன் ஸ்க்ரூ, கூட்டல், கழித்தல் குறியோடு இருக்கும். எஸ்பிடியில் 3 மி.மீ. கீ. இதுதான் டென்ஷன் ஸ்க்ரூ. வலப்பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் இறுகும், கால் கழல அதிக விசை வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் தளரும், எளிதாகக் கழலும். திருப்பும்போது 'க்ளிக் க்ளிக்' என்று கைக்குத் தெரியும். ஒரு முழுச் சுற்றுக்கு நாலு க்ளிக்.

கடையில் இருந்து வரும்போது இது எந்த அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. நாலு கவ்வியும் ஒரே அளவில் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஆம், நாலு. எஸ்பிடி பெடலில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், இரண்டு ஸ்க்ரூ. பலர் மேலே தெரியும் இரண்டை மட்டும் தளர்த்திவிட்டு ரோட்டுக்குப் போகிறார்கள். பெடல் ஒரு சுற்று புரண்டதும் கால் இறுக்கமான பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. "ஒரு தடவை ஈஸியா வருது, ஒரு தடவை வரவே மாட்டேங்குது" என்று புலம்பினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

செய்ய வேண்டியது: நாலு ஸ்க்ரூவையும் மிகத் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். எதிர்ப்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், ஸ்க்ரூவை முழுதாக வெளியே எடுத்துவிட்டால் உள்ளிருக்கும் தகடும் ஸ்பிரிங்கும் இடம் மாறிவிடும். அந்தத் தளர்ந்த நிலைதான் உங்கள் பூஜ்யம். முதல் சில வாரங்கள் அங்கேயே ஓட்டுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போதோ, குண்டுகுழியில் ஏறி இறங்கும்போதோ தானாகக் கழன்றால் மட்டும் நாலிலும் ஒரு க்ளிக் ஏற்றுங்கள். மறுபடி ஓட்டிப் பாருங்கள். எத்தனை க்ளிக் என்று போனில் குறித்துவைத்துக்கொண்டால், பின்னால் சர்வீஸுக்குப் போய்வந்தாலும் உங்கள் அளவு உங்களிடம் இருக்கும்.

இறுக்கமாக வைப்பதில் ஒரு வீம்பு உண்டு. தளர்வாக வைப்பது கற்றுக்குட்டிக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். டென்ஷன் கூடினால் மிதிக்கும் பலம் கூடாது. கவ்வி பிடித்திருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் விடுபடும் நேரத்தில் மட்டுமே.

எல்லா பெடலிலும் இந்த ஸ்க்ரூ இருக்காது. கிராங்க் பிரதர்ஸ் எக்பீட்டர் வகையில் டென்ஷனை மாற்ற முடியாது. அதற்குப் பதில் இடது, வலது ஷூக்களின் கிளீட்டை மாற்றிப் போட்டால் கழலும் கோணம் 15 டிகிரி அல்லது 20 டிகிரி என்று மாறும்.

எந்தக் காலை முதலில் கழட்டணும்?

நம் நாட்டில் இடப்பக்கமாகப் போகிறோம். வண்டிகள் முந்திச் செல்வது வலப்பக்கம். வலப்பக்கம் சாய்ந்தால் விழுவது ஓடும் சக்கரத்தின் அருகே. எனவே இடதுகாலைக் கழட்டி, இடப்பக்கம் சாய்ந்து, சாலையோரத்தில் ஊன்றும் பழக்கம் நல்லது. ஹைதராபாத் சிக்னல்களில் ஃப்ரீ லெஃப்ட் எடுக்கும் பைக்குகள் இடப்பக்கமும் உரசிக்கொண்டு வரும், அதனால் ஊன்றும் முன் ஒரு பார்வை.

நேரம் முக்கியம். நின்ற பிறகு அல்ல, நிற்பதற்கு பத்து, பதினைந்து மீட்டர் முன்பே கழட்ட வேண்டும். இடது பெடல் கீழே வரும்போது குதிகாலை வெளியே தள்ளுங்கள். கழன்ற காலைப் பெடல்மேல் சும்மா வைத்துக்கொண்டு உருண்டு போகலாம். சிக்னல் பச்சை ஆகிவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. பலர் விழுவது கழட்டாததால் மட்டும் அல்ல. இடது காலைக் கழட்டிவிட்டு, உடல் எடையை வலப்பக்கம் விட்டுவிடுவார்கள். நிற்கும்போது சீட்டில் இருந்து இறங்கி, இடுப்பை இடப்பக்கம் கொண்டுவந்தால் சைக்கிளும் அந்தப் பக்கமே வரும்.

நின்றதும் வலது காலை மாட்டியபடியே பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மணி முள்ளில் இரண்டு காட்டும் இடத்துக்குக் கொண்டுவந்து வையுங்கள். பச்சை விழுந்ததும் ஒரே அழுத்தில் வேகம் கிடைக்கும். இடதுகால் உடனே மாட்டவில்லை என்றால் கீழே பார்க்காதீர்கள். மாட்டாத பெடல்மேலேயே மிதித்து, சந்திப்பைக் கடந்த பிறகு மாட்டுங்கள். நடுச் சந்திப்பில் பெடலைக் குனிந்து பார்ப்பது, போனைப் பார்ப்பதைவிட மேல் இல்லை.

இதைச் சுவரைப் பிடித்துப் பழகுவது முதல் படி மட்டும். ஒவ்வொரு காலுக்கும் ஐம்பது தடவை. அடுத்தது, புல்தரையிலோ காலியான பார்க்கிங்கிலோ மெல்ல ஓட்டி, கழட்டி, நின்று, கிளம்பி. எதிர்பாராத நிறுத்தத்துக்கும் பழக வேண்டும். ஒரு நண்பரை நிறுத்தி, அவர் நினைத்த நேரத்தில் "நில்லு" என்று கத்தச் சொல்லுங்கள். கேலியாகத் தோன்றும், ஆனால் குறுக்கே நாய் பாயும்போது உதவுவது இந்தப் பயிற்சிதான்.

பழக நல்ல இடம், போகும் வழி

ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வெளிவட்டச் சாலையை ஒட்டி, சோலார் கூரை போட்ட சைக்கிள் பாதை 2023 அக்டோபர் 1-ல் திறக்கப்பட்டது. நானக்ராம்கூடாவில் இருந்து தெலங்கானா போலீஸ் அகாடமி வரை 8.5 கி.மீ., நார்சிங்கியில் இருந்து கொல்லூர் வரை 14.5 கி.மீ., மொத்தம் 23 கி.மீ. அகலம் 4.5 மீட்டர். தென்கொரியாவில் நெடுஞ்சாலை நடுவே இருக்கும் சோலார் பாதையைப் பார்த்து வந்த யோசனை. வெயிலும் மழையும் பெரிதாகப் படாது, ஆட்டோவும் பஸ்ஸும் குறுக்கே வராது.

ஆனால் பாதைக்குள் வந்த பிறகு கிளிப்லெஸ் பெடல் யாரையும் அவ்வளவாகச் சோதிப்பதில்லை. சோதிப்பது வீட்டில் இருந்து அங்கே போய்ச் சேரும் ஏழெட்டு கிலோமீட்டர். அதனால் முதல் இரண்டு வாரம் ஷூவைப் பையில் போட்டு, சாதாரணச் செருப்பிலோ ஷூவிலோ அங்கே போய், பாதையில் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் எஸ்பிடியாகவும் இருக்கும் பெடல்கள் கிடைக்கின்றன, இந்த மாதிரிப் பயணத்துக்கு என்றே செய்ததுபோல. பாதையிலும் நடப்பவர்கள், குழந்தைகள், திடீரென நிற்பவர்கள் எதிர்ப்படலாம். ஒரு கால் தயாராக இருக்கட்டும்.

மண்ணும் தேய்மானமும்

இந்த ஊரின் பாறை கிரானைட். அது உடைந்து வரும் கரடுமுரடான மணல் சாலையோரம் எங்கும் கிடக்கும். காலை ஊன்றும்போது அது கிளீட்டின் குழிக்குள் ஏறிக்கொள்ளும். பிறகு மாட்டினால் 'டக்' சத்தம் வராது, அல்லது மாட்டிய பிறகு கழலாது. ஏறுவதற்கு முன் ஷூவைப் பெடலில் இரண்டு தட்டு தட்டுவது போதும். கண்டிப்பேட், ஹிமாயத் சாகர் பக்கம் மழைக்குப் பிறகு செம்மண்ணில் இறங்கி நடந்தால், ஒரு குச்சியால் குழியைச் சுரண்டிவிட்டு ஏறுங்கள்.

மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கவ்விகளைத் தேய்த்துக் கழுவி, உலர்ந்ததும் ஸ்பிரிங்கிலும் கவ்வி தொடும் இடங்களிலும் செயின் ஆயில் ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அப்போதே கிளீட் போல்ட்களையும் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

கிளீட் தேயும் பொருள். மூன்று போல்ட் பிளாஸ்டிக் கிளீட், நடக்க நடக்கவே தேயும். எஸ்பிடி உலோகம் பல மடங்கு தாங்கும், ஆனால் அதுவும் தேயும். தேய்ந்த கிளீட்டில் ஃப்ளோட் கூடிக்கொண்டே போகும், கால் தொளதொளவென்று ஆடும், எழுந்து நின்று மிதிக்கும்போது சொல்லாமல் கழன்றுவிடும். டென்ஷன் ஸ்க்ரூவை ஏற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கிளீட்டை மாற்றுங்கள். பழையதைக் கழட்டும் முன், அதன் ஓரத்தைச் சுற்றி ஷூவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வாரம் முழங்கால் வலிக்காமல் கண்டுபிடித்து வைத்த கோணம் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறது.